கதவு, மயில், எலுமிச்சை, சட்டை

முரளி,

நம் காலனி நலச்சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மிஸ் என்று செயலாளர் பத்து நாளாக வாசலில் வந்து நிற்கிறார். சமையல் குறிப்பா, கணக்குப் புதிரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தோன்றியது, உனக்குச் சொல்லவேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறதே, அதையே எழுதிவிடலாமே என்று. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். நேரில் சொன்னால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய், அது எனக்கு ஆகாது. இதில் எழுதினால் நீயும் படிப்பாய், இரும்புலியூரில் பாதிப் பேரும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். தாம்பரத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கு எது நினைவில் நிற்கிறது, எது நழுவுகிறது என்று பார்ப்பதுதான் இத்தனை வருஷமாக உன் வேலை. யார் யார் வீட்டுப் பெரியவர்களையோ பேசிப் பேசிச் சோதனைக்கு வரவழைத்துவிட்டாய். பெற்ற தாயை மட்டும் வரவழைக்க முடியவில்லை. "ஒரு தடவை வந்துட்டுப் போம்மா" என்று பங்குனி மாதம் கேட்டாய். நான் குக்கரைப் பார்க்க எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் நீ வாயால் கேட்கவில்லை. பெருங்களத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, சாப்பிட்டு, கண்ணால் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறாய். வருவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பாடம் நடத்துகிறவள் விடையை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட மாட்டாள்.

உனக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு வந்தபோது தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தவள் நான். கணக்கு டீச்சர் பிள்ளை, இன்ஜினியரிங் தவிர வேறென்ன படிக்கப் போகிறான் என்று ஊரும் சொன்னது, நானும் நம்பினேன். நீ வந்து நின்று உளவியல் படிக்கப் போகிறேன் என்றாய். மனசைப் படித்து மாவா ஆட்டப்போகிறாய் என்று கத்தினேன். உன் அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் வீரம் எப்போதும் அந்த அளவுதான், ஆனால் வேலை நடந்துவிடும். அப்புறம் நீ முனைவர் பட்டத்துக்கு மறதியை எடுத்துக்கொண்டாய். கல்யாண வீடுகளில் பையன் என்ன பண்ணுகிறான் என்று கேட்பார்கள். வயதானவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? மூளை சம்பந்தமான உத்தியோகம் என்று சொல்லி வைப்பேன். கேட்டவர்கள் நீ ஆபரேஷன் செய்கிறவன் என்று எடுத்துக்கொண்டு தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். நான் திருத்தவில்லை.

உன் முதல் ஆய்வை நம் காலனியிலேயே தொடங்கினாய். தெரிந்த மனிதர்கள், படித்தவர்கள், கூப்பிட்டால் வருவார்கள். ரிட்டயர்டு ஆனவர்கள்தான் நம் தெருவில் முக்கால்வாசி. சங்கத்துக் கட்டடத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்கத் தாள்களின் மேல் ஒரு டம்ளர். ஐந்து சொற்களைச் சொல்வாய், வேறு வேலை கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்பாய். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வாய். இன்னும் சில கேள்விகள். முதல் நாள் போய் வந்த அம்மாள் என் வீட்டுக்கு வந்து, மிஸ், என்னென்னவோ கேட்கிறான், பாதிதான் சொன்னேன், மீதியெல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது, மானம் போயிற்று என்றாள். முரளி, அந்த நிமிஷம் என் மூளை எந்த வழியில் ஓடியிருக்கும் என்று உனக்குத் தெரியாதா? கேள்வித்தாள் கையில் கிடைத்துவிட்டது. மற்றவர்கள் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கிறது. என் பிள்ளை நடத்துகிற பரீட்சையில் என் தெருக்காரர்கள் தோற்பதா?

அன்றைக்கு மாலையே நம் ஹாலில் பாயை விரித்து டியூஷன் ஆரம்பித்துவிட்டேன். பேங்க் மேனேஜராக இருந்தவர், தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், பேரன் பேத்தி எடுத்தவர்கள், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கோரஸாகச் சொன்னார்கள். சொற்களை மறக்காமலிருக்கக் கதை கட்டிக் கொடுத்தேன். கதவைத் திறந்தால் மயில் நிற்கிறது, மயில் வாயில் எலுமிச்சை, எலுமிச்சைச் சாறு சட்டையில் தெறிக்கிறது. ஐந்தாவது சொல்லைப் பிறகு சொல்கிறேன், இப்போது கதையை நிறுத்தினால் சுவை போய்விடும். அந்தச் சொற்களையெல்லாம் நீ எப்போதோ மாற்றிவிட்டாய் என்பதால்தான் இங்கே தைரியமாக எழுதுகிறேன். அடுத்த தெரு சுந்தரம் சாரும் அவர் மனைவி ராஜியும் தினமும் வந்தார்கள். சார் கற்பூரம். ராஜிதான் திணறினாள். கதவு என்பாள், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். மெல்லப் படிக்கிற பிள்ளைகளை விட்டுவிடுகிற வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. எல்லாரும் போன பிறகு அவளை மட்டும் உட்காரவைத்து ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தேன். பரீட்சையன்று அவள் ஐந்தையும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

உனக்கும்தான். நம் காலனியில் எல்லாரும் இவ்வளவு தெளிவாக இருக்கிறார்களே என்று முதலில் நீ பூரித்துப் போனாய். கடைசியாக வந்த சுந்தரம் சார்தான் குட்டை உடைத்தார். நீ பேனாவைத் திறப்பதற்குள் அவர் கதவு மயில் எலுமிச்சை என்று ஒப்பித்துவிட்டு, "அடுத்து ஏழுதானே தம்பி, ஆரம்பிக்கட்டுமா?" என்றாராம். நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தாய். நான் விஷயம் புரியாமல், எல்லாரும் சென்டம்தானே என்று கேட்டேன். நீ கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம். நீ தண்ணீர் கேட்டாய், குடித்தாய், எழுந்து போய்ப் படுத்துவிட்டாய்.

சில மாதம் கழித்து ராஜி கறிவேப்பிலை வாங்கப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வண்டலூர் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பில், கையில் கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நீயும் சுந்தரம் சாரும் போய் அழைத்து வந்தீர்கள். அவளுக்கு அந்த நோய் முன்பே தொடங்கிவிட்டது. சாருக்கு ஏற்கனவே சந்தேகம் இருந்திருக்கிறது. ஆனால் பரீட்சையில் எல்லாவற்றையும் சொன்னாளே என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அன்றைக்குத்தான் நீ என்னிடம் அதைச் சொன்னாய். சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாய்.

"நீ அவங்களுக்கு மார்க் வாங்கிக் குடுத்தேம்மா. அந்த மார்க்குதான் அவங்க வியாதியை மறைச்சுடுச்சு."

மறுநாள் சுந்தரம் சார் வீட்டுக்குப் போய் அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க கிளாஸுக்குப் போறோம்னு காலையிலேயே தலை பின்னிட்டு ரெடியா இருப்பா மிஸ். நாள் முழுக்க அந்தச் சந்தோஷம்தான் அவளுக்கு" என்றார். அதை நான் உன்னிடம் வந்து சொன்னேன். சும்மா மனசு கேளாமல் சொன்னது. நீ அதை எங்கேயோ பத்திரமாக வைத்துக்கொண்டாய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆய்வை நீ என்ன செய்தாய் என்பதை இந்தக் காலனியில் யாரும் அறிய மாட்டார்கள். எனக்கே நசீமா சொல்லித்தான் தெரியும். உன்னோடு அப்போது கூடப் படித்துக்கொண்டிருந்த நசீமா, தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் பெண். இன்றைக்கு உன் குழுவில் உனக்கு அடுத்த ஆள். வருஷக்கணக்கான உழைப்பு, பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது, எண்கள் பார்க்க அழகாக இருந்தன. நீ உன் கைடிடம் நேராகப் போய், இந்த விவரம் எதுவும் செல்லாது, கேள்விகளை நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை, தப்பு என்னுடையது என்றாயாம். அவர் மேஜையைத் தட்டிக் கத்தினாராம். யார் சொல்லிக்கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். "ஆன்ட்டி, அவன் கடைசி வரைக்கும் உங்க பேரைச் சொல்லலை" என்றாள் நசீமா. நான் அவளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோசை தீய்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் நேர்மை, ஒழுக்கம் என்று காலை வணக்கக் கூட்டத்தில் பேசியவள் நான். செய்து காட்டியது நீ.

முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றானதும், யாரும் டியூஷன் எடுக்காத இடமாகப் பார்த்து முடிச்சூருக்குப் போனாய். வயலை விற்றவர்கள், அந்த வயலில் எழுந்த அடுக்குமாடியில் குடிவந்தவர்கள், அங்கே வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், எல்லாரும் இருக்கிற இடம். உன் பழைய டூவீலரில் ஒருநாள் நானும் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என் பிள்ளை என்னதான் வேலை செய்கிறான் என்று பார்க்கவேண்டும் என்று ஆசை. வந்து பார்த்தபோதுதான் உன் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது. நீ எந்த வீட்டிலும் போனவுடன் தாளை எடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாய். அவர்கள் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாய், தரையென்றால் தரை. இந்த வீட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று தொடங்கினாய். முடிச்சூரையே மூழ்கடித்த வெள்ளத்துக்கு முன்னால், வெள்ளத்துக்கு அப்புறம் என்று அவர்கள் வருஷத்தைச் சொல்கிற கணக்கையே நீயும் பிடித்துக்கொண்டாய். பென்சிலே பிடித்திராத ஒரு பெண்மணியிடம் கடிகாரம் வரையச் சொல்வது நியாயமில்லை, அவளுக்கு வராதது மறதியால் அல்ல, யாரும் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாததால் என்று சொல்லிச் சொல்லி, அவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி கேள்விகளை மாற்ற நீயும் நசீமாவும் எத்தனை வருஷம் மல்லுக்கட்டினீர்கள்! ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்பது உன் முறை. அன்றைக்கு அப்படித் திரும்பப் போன ஒரு வீட்டில் ஒரு பாட்டியம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாபா, போன தபா கேட்டதையே கேட்டுகினு கீறே? எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் மறதி" என்றாள். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்தாள். மரியாதை என்பது என்னவென்று நான் வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் நீ வந்து, உன் டியூஷனைத் திரும்ப ஆரம்பிம்மா என்றாய். குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ விளையாட்டாகச் சொல்லவில்லை. சுந்தரம் சார் சொன்ன அந்தத் தலைபின்னல் விஷயம் உன் மனசில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கேள்வி வேண்டாம், மார்க் வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் மறதி இருக்கிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் என்றாய். இதனால் குணமாகிவிடுமா என்று கேட்டேன். "குணமாகாதும்மா. ஆனா அந்தச் சாயங்காலம் நல்லாப் போகும்" என்றாய். பொய்யாக நம்பிக்கை கொடுக்காத உன் குணம்தான் எனக்கு உன்னிடம் ரொம்பப் பிடித்தது. சங்கத்துக் கட்டடத்தில் இத்தனை வருஷமாக அது நடக்கிறது. வாய்ப்பாடு பாடுவோம், சுண்டல் சாப்பிடுவோம், பழைய வம்பு பேசுவோம். ராஜி கடைசி வரை வந்தாள். என் பெயர் போய்விட்டது, அவள் வீட்டுக்காரர் பெயரும் போய்விட்டது, ஆனாலும் என்னைக் கண்டால் பின்னிய தலையைத் தடவிக் காட்டிச் சிரிப்பாள். அவள் போன பிறகும் சுந்தரம் சார் சனிக்கிழமை தவறுவதில்லை. என் மகா தப்பிலிருந்தும் ஓர் உருப்படியான காரியத்தை எடுத்துவிட்டாய், கெட்டிக்காரப் பயல்.

இனி என் கதைக்கு வருகிறேன். மாசி மாதம் மாம்பலத்தில் புடவை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கினேன். வெயில் ஏறிய மதியம். பாலத்தில் ஏறி இறங்கி வெளியே வந்தால், எனக்குத் தெரிந்த ஜி.எஸ்.டி. ரோடு அங்கே இல்லை. எந்த ஸ்டேஷனில் முப்பது வருஷம் வண்டி ஏறினேனோ, அதே ஸ்டேஷனில் நான் மேற்குக்குப் பதில் கிழக்குப் பக்கம் இறங்கிவிட்டிருக்கிறேன். அது மட்டும் என்றால் பரவாயில்லை, யாருக்கும் நடக்கும். நான் நிற்பது கிழக்கு என்றும் தெரியவில்லை, வீட்டுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்றும் தெரியவில்லை. புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றேன். அப்போது ஆட்டோவிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். என்னிடம் படித்த ஏழுமலை. "இன்னா மிஸ், இந்தாண்ட நின்னுகினு கீறீங்க? ஏறுங்க, வூட்டாண்ட வுட்டுடறேன்" என்றான். ஏறினேன். வூடு எங்கே மிஸ் என்று கேட்டான். எனக்கு வாயில் வரவில்லை, முரளி. என் வீடு இருக்கிற இடத்தின் பெயர் வரவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம் கைகொடுத்தது. விடை தெரியாதபோது டீச்சர் என்ன செய்வாள்? பையனைத் திருப்பிக் கேட்பாள். "ஏன், உனக்குத் தெரியாதா? நீயே சொல்லு பார்க்கலாம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, இரும்புலியூர்தானே மிஸ், தண்ணி டேங்க் பக்கம் என்றான். கரெக்ட் என்று சொல்லி அவனுக்கு மார்க் வேறு போட்டேன்.

இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுவேளையில் வேடிக்கையாகச் சொன்னேன். இடத்தின் பெயர் வராததை விட்டுவிட்டு, கிழக்குப் பக்கம் ஏழுமலையைப் பார்த்ததையும் அவனை மடக்கியதையும் மட்டும் நடித்துக் காட்டினேன். உன் அப்பா சிரித்தார், உன் மனைவி சிரித்தாள். நீ சாம்பார் சாதத்தில் கையை வைத்தபடி நிறுத்திவிட்டு, கிழக்குப் பக்கம் எதற்கும்மா போனாய் என்றாய். ஊர் முழுக்கப் பெரியவர்கள் சொல்லாமல் விடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகின காது. அதை நான் ஏமாற்ற முடியுமா? ஒரு மாதம் பொறுத்திருந்து, அப்புறம்தான் ஒரு தடவை வந்துட்டுப் போம்மா என்று கேட்டாய்.

அதிலிருந்து வீட்டில் இன்னொரு நாடகம் நடக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத உன் அப்பா, இப்போது காபி நானே போடுகிறேன் என்கிறார். நான் சமையலறையை விட்டு வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று பார்க்கிறார். போன மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்தில், யாராவது எங்களை நோக்கி வந்தால், வருவதற்குள் என் காதில் பெயரையும் உறவையும் சொல்லிவிட்டார். பரீட்சை ஹாலில் பிட் கொடுக்கிற வேலை. அத்தனை பேரையும் நான் பேர் சொல்லி விசாரித்தேன், எல்லாரும் மெச்சினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு ராஜிக்கு நான் செய்ததை இன்றைக்கு இந்த மனுஷர் எனக்குச் செய்கிறார் என்று. அவரும் பாசத்தில்தான் செய்கிறார். நானும் பாசத்தில்தான் செய்தேன். அவர் தோளில் சாய்ந்து தாம்பரம் வரை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் நிலைமை மோசமானால் களப்பணியெல்லாம் நசீமாவிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. தொலைத்துவிடுவேன். முடிச்சூரில் உனக்காகக் காத்திருக்கிறவர்களை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நீ என்ன செய்யப்போகிறாய், என் முகத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கப் போகிறாயா? எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரே விஷயத்தை நான் இரண்டாம் தடவை கேட்டால், முதல் தடவை சொன்ன முகத்தோடேயே சொல். முடிச்சூர் பாட்டியிடம் சிரித்தாயே, அந்த முகத்தோடு. நான் தப்பாகச் சொன்னதை நாலு பேர் நடுவில் திருத்தாதே. நான் திருத்தித் திருத்தி எத்தனை பிள்ளைகளை வாயே திறக்காமல் செய்துவிட்டேன் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அப்பாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடு, அவர் காபி சகிக்கவில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, ஊரார் மூளையைப் பார்க்கிறவன் உன் வயிற்றையும் கொஞ்சம் பார்.

இந்த மலரைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குப் பிட் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும், சனிக்கிழமைகளில் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வரிசையில் நிற்கிறோமே, அதுபோல இதற்கும் போய் நிற்கலாம்.

இப்போது விடை. வருகிறேன், முரளி. இந்த மலர் அச்சாகி உன் கைக்கு வருவதற்கு முன்பே உன் அப்பா இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார், எனக்குத் தெரியும். அதனால் இப்போதே சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் வருகிறேன். நீ அறைக்குள் இருக்கக் கூடாது. நசீமா கேட்கட்டும், அவள் ஈவு இரக்கம் பார்க்க மாட்டாள். அப்பாவும் வெளியே உட்காரட்டும், அவருக்கு இப்போது பிட் கொடுத்துப் பழகிய வாய்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஐந்தாவது சொல்லைப் பிறகு சொல்கிறேன், கதையின் சுவை போய்விடும் என்று மேலே எழுதினேன் இல்லையா? அது பொய். அந்த இடத்தை எழுதும்போதே எனக்கு அது வரவில்லை. ஏழுமலையிடம் செய்ததையே உன்னிடமும் செய்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து கதவு, மயில், எலுமிச்சை, சட்டை வரை தினமும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். இந்தத் தெருவுக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். சுந்தரம் சாருக்கு ஒரு போன் போட்டால் போதும், மனுஷர் பளிச்சென்று சொல்லிவிடுவார். போனைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டால் அது படித்துவிட்டு வருவதாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது, முரளி. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

படிக்காமல் வந்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தவள் நான். திங்கட்கிழமை நான் படிக்காமல் வருகிறேன். நசீமாவிடம் சொல்லி என்னை உள்ளே விடச் சொல்.

உன் அம்மா